சாவு பேண்டின் சனிக்கிழமைகள்

ஹைலியாவ்
1996 மார்ச் 10

தம்பி பெங்சிங்குக்கு அக்கா சுய்கிம் எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உப்புக்காற்று அடிக்கிற நாளில் முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் அழுகிறது. உன் வயிறு எப்படி? கப்பல் சமையல்காரன் இன்னும் எல்லாவற்றிலும் மிளகாயைக் கொட்டுகிறானா? புத்தாண்டு அன்று உனக்கும் ஒரு கிண்ணம் வைத்தேன். உன் பங்கு மீனையும் நானே சாப்பிட்டேன், குறையொன்றும் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் ஊராட்சி அலுவலகத்துக்குத் தைபேயிலிருந்து காவ் என்று ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். மூக்குக் கண்ணாடி, முதுகில் பை. செத்துக்கொண்டிருக்கும் சின்ன ஊர்களுக்கு உயிர் கொடுப்பது அவள் வேலையாம். வாரம் ஒருநாள் கோயில் முற்றத்தில் திறந்த வெளியில் இசை வைத்தால் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவார்கள், பேசுவார்கள், ஊர் ஊராகும் என்கிறாள். நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்த ஊர்ல வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்கோம். ஆனா நாங்க வாசிக்கணும்னா யாராவது செத்திருக்கணும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போன வருஷம் ஹைலியாவில் நாற்பத்தொரு சாவு, இரண்டு கல்யாணம். பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பிள்ளைகள். ஊர் ஜனம் ஒன்றாகத் தெருவில் நிற்பதே நம் பேண்டுக்குப் பின்னால் நடக்கும்போதுதான். மற்ற நாளில் ஒவ்வொருவரும் ஒரு டிவியோடு உள்ளே.

ஒத்துக்கொண்டேன். காரணம் ஹுய்லான்தான். அம்மா தனியாகக் கிடக்கவேண்டாம், தைசுங்குக்கு வந்துவிடு என்று மகள் தினமும் போனில் உயிரை எடுக்கிறாள். நிலாத் திருநாள் வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் இந்த ஊர் வெளியே வந்து உட்கார்ந்தால் நான் இங்கேயே இருப்பேன். இல்லையென்றால் வீட்டைப் பூட்டி, வாத்தியங்களை அடுத்த ஊர் பேண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். அப்புறம் நீ கரையிறங்கினால் உனக்கு வீடு ஒன்பதாவது மாடியில்தான்.

நான்காம் மாதம் அப்பாவின் திதி வருகிறது. அவர் போன அன்றைக்கு நீ நடுக்கடலில் மாட்டிக்கொண்டதை அப்பா புரிந்துகொண்டிருப்பார். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உன் பதில் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஹைலியாவ்
1996 மார்ச் 31

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வர இன்னும் நாளாகும், தெரியும். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். நீ நலந்தானே? நான் வெட்கத்தில் இருக்கிறேன், மற்றபடி நலம்.

நேற்று முதல் சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி. நாங்கள் ஏழு பேர், வெள்ளைச் சீருடை வேண்டாமென்று பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு கடல்காக்கும் மாசோ அம்மன் கோயில் முற்றத்தில் நின்றோம். அழுகைப் பாட்டு ஒன்றுகூட இல்லை. இளமைக் காலத்தில் நாம் சைக்கிளில் பாடிக்கொண்டு போவோமே, அந்தக் காதல் பாட்டில்தான் தொடங்கினோம். காற்று நம் பக்கம் இருந்தது. என் கிளாரினெட்டின் சத்தம் மீன்குட்டைகளைத் தாண்டி உப்பளம்வரை மிதந்துபோவதை நானே கேட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால் தெருவில் வரிசையாகக் கதவு சாத்துகிறார்கள். சாவு போகிற தெருவில் தீட்டு உள்ளே வராமல் இருக்க வாசலில் ஒட்டுவோமே சிவப்புத் தாள், அதை வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்! மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, காவ் குடியிருக்கும் வீட்டு வாசல், ஒன்று பாக்கியில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறார்கள். அப்புறம் போன் மேல் போன். யார் போனது, யார் போனது? தொண்ணூற்றொரு வயசில் ஊரில் மூத்தவர் யார்? குன் மாமா. அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டார்கள். பன்னிரண்டு வீட்டார் துக்கப் பணம் வைத்த வெள்ளை உறையும் கையுமாக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.

அப்பா இருந்திருந்தால் வாத்தியத்தை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்கு அழுகைதான் வந்தது. எவ்வளவு சந்தோஷமாக ஊதினாலும் இவர்களுக்கு நான் சாவுதான்.

இப்படிக்கு உன் அக்கா


கேப் டவுன் துறைமுகம்
1996 மே 4

அன்புள்ள அக்கா,

உன் மார்ச் பத்தாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. வேறு கடிதம் எதுவும் வரவில்லை. நான் சௌக்கியம். வயிற்றுக்குக் கஞ்சியும் ஊறுகாயும் கொடுத்துப் பழக்கிவிட்டேன். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, அல்லது பாட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாயா?

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதை மட்டும் செய்துவிடாதே. நம் பேண்டு சத்தம் கேட்டால் ஊர் என்ன செய்யும் என்று யோசித்தாயா? கதவைச் சாத்துவார்கள். சிவப்புத் தாள் ஒட்டுவார்கள். யாராவது ஒரு கிழவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய் நிற்பார்கள். அந்தத் தைபே பெண்ணுக்குத் தெரியாது, சரி. உனக்குமா? (இதைப் படிக்கும்போது நீ ஏற்கெனவே வாசித்து முடித்திருப்பாய் என்று உள்மனசு சொல்கிறது. யார் வீட்டுக்குப் போனார்கள், குன் மாமாவா?)

கப்பல் பழுது பார்க்க நிற்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். பதினேழு வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவன் நான். ஓடும்போது அதில் சில நாள் அப்பாவின் பேண்டு கேட்கும். பெரிய ட்ரம் கீழே, நீ மேலே. பக்கத்திலிருப்பவனிடம் கேட்டிருக்கிறேன். "உனக்குத் தூக்கம் போதல, பெங்சிங்" என்றான். இப்போது எஞ்சின் நின்றுவிட்டதால் எதுவும் கேட்பதில்லை. காது வீடு காலிசெய்த மாதிரி இருக்கிறது.

இனி இந்தியப் பெருங்கடல் பக்கம் போவோம். ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் கடிதத்தைக் கொடுத்து காவ்சியுங்கில் தபாலில் போடச் சொல்கிறேன். நீயும் கம்பெனி ஆபீஸ் முகவரிக்கே எழுது.

வீட்டைப் பூட்டுவது பற்றி எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன் சௌகரியம்.

உடம்பு முக்கியம்.
தம்பி


ஹைலியாவ்
1996 மே 26

தம்பி பெங்சிங்குக்கு,

சுகம். தைலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. உன் எச்சரிக்கை எட்டு வாரம் தாமதமாக வந்து சேர்ந்தது. குன் மாமா பெயரை நீ சரியாகச் சொன்னதைப் படித்துத் தெருவே கேட்கும்படி சிரித்தேன்.

மாமா கதையைக் கேள். அவர் கோபத்தில் கொதிப்பார் என்று பழங்களோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். மனிதர் கணக்கெடுத்து வைத்திருக்கிறார், யார் யார் அழுதுகொண்டு வந்தார்கள், யார் சும்மா வந்தார்கள் என்று.

"மீன்கடைக்காரன் பொண்டாட்டி நல்லா அழுதா. நம்ம சம்பந்தி வந்தான் பாரு, மூஞ்சில ஒரு சொட்டு ஈரம் இல்ல. சுய்கிம், அடுத்த வாரமும் ஊது. இன்னும் யாரு வரான்னு பாக்கணும்."

"வேணாம் மாமா, ஊர் என்னைத் துரத்திடும்."

"நான்தானே செத்தேன்? எனக்கே ஆட்சேபணை இல்ல, ஊருக்கு என்னடி?"

அடுத்த சனிக்கிழமை முற்றத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஒருவர், காவ் ஒருத்தி, மூன்று நாய். ஏப்ரல் முழுக்க அவ்வளவுதான் கூட்டம். சிவப்புத் தாள் மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்தது. செத்தவர் எதிரே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தால் எத்தனை நாள்தான் ஒட்டுவார்கள்?

இந்த மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊர்ப் பெண்கள் சாயங்காலம் என்ன செய்கிறார்கள்? ஆளுக்கொரு கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சிப்பி உடைக்கிறார்கள். கை ஓடுகிறது, காது சும்மா கிடக்கிறது. வீடு வீடாகப் போனேன்.

"பாட்டு கேக்க வாங்கன்னு கூப்பிடல. கூடையைத் தூக்கிட்டு வந்து முற்றத்துல உட்கார்ந்து உடைங்க. காத்து வரும்."

"சும்மா உட்கார்ந்து கேக்கணும்னா வெக்கமா இருக்கும். வேலையோட வரதுன்னா சரி," என்றாள் ஒருத்தி.

நேற்று எட்டுப் பேர் வந்தார்கள். கத்தி சிப்பிக்குள் போகும் சத்தம் ட்ரம்முக்கு நடுவில் டக் டக்கென்று விழுந்தது. வாசித்த எங்களையே அவர்கள் வேலை வாங்கின மாதிரி இருந்தது.

அக்கா


இந்தியப் பெருங்கடல்
1996 மே 31

அன்புள்ள அக்கா,

நலம். இங்கே வெயில் கொளுத்துகிறது. ராத்திரிச் சாப்பாடு கஞ்சியேதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் பூராவும் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன். சம்பந்தி முகத்தில் ஈரம் இல்லையாமே! குன் மாமா நூறு வயசு இருப்பார். சிப்பிக்காரிகளை அழைத்தது நல்ல யோசனை. அப்பாவுக்குத் தோன்றியிருக்காது. அவருக்கு ஜனங்கள் எழுந்து நிற்க வேண்டும், தலை குனிய வேண்டும்.

ட்ரம்பெட் யார் வாசிக்கிறார்கள்?

தம்பி


ஹைலியாவ்
1996 ஜூன் 23

தம்பிக்கு,

படகுத் திருநாளுக்கு மூங்கிலிலைச் சோற்றுப் பொட்டலம் நாற்பது கட்டினேன். இருபத்தெட்டை மாமாவும் சிப்பிக்காரிகளும் தீர்த்துவிட்டார்கள். வயிறு சரியில்லாதவனுக்கு ஆகாது என்று உனக்கு எடுத்துவைக்கவில்லை. நலந்தானே?

இப்போதெல்லாம் தபால் எவ்வளவு வேகம்! இந்தியப் பெருங்கடலுக்குப் போய்ப் பதிலோடு வர ஒரு வாரந்தான். மாசோ அம்மன் தன் கையாலேயே கப்பலைத் தள்ளுகிறாள் போலிருக்கிறது. கும்பிட்டுக்கொண்டேன்.

ட்ரம்பெட் யாரும் வாசிக்கவில்லை. நீ போன பிறகு இரண்டு பேர் வந்தார்கள், இருவரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். சாவு ஊர்வலத்தில் அது தெரியாது, அழுகை மூடிவிடும். முற்றத்தில் அப்படி இல்லை. ட்ரம்பெட் வரவேண்டிய இடம் வந்தால் எல்லாரும் வாத்தியத்தை இறக்கிவிட்டு எட்டுத் தட்டு சும்மா நிற்கிறோம். முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது சிப்பிக்காரிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தலையைத் தூக்காமல், கத்தியை நிறுத்தாமல், வாயை மூடிக்கொண்டே முனகுகிறார்கள். நேற்று இருபது பெண்கள். அந்தி வெளிச்சத்தில் மீன்குட்டையெல்லாம் ரோஜா நிறமாக இருந்தது. கொக்குகள் தாழப் பறந்தன. அந்த முனகல் தரையிலிருந்து வருகிறதா தண்ணீரிலிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கனவில் நின்று வாசிப்பது போல இருந்தது. அடுத்த வரியை எடுக்க மறந்துவிட்டேன்.

ஆனால் மாமாவைத் தவிர ஆண்கள் வரவில்லை, இளசுகள் வரவில்லை. பாதித் தெரு இன்னும் கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறது. ஹுய்லான் என் அறைக்குச் சுவர் வண்ணம் என்ன வேண்டும் என்று கேட்கிறாள்.

பதில் போடு.
அக்கா


ஹைலியாவ்
1996 ஆகஸ்ட் 7

பெங்சிங்,

என் கடிதம் போய் ஆறு வாரம், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்பதை மட்டுமாவது எழுது.

இங்கே போன வாரம் புயல். கூரை ஓடு பன்னிரண்டு போயிற்று, ஆள் சேதம் இல்லை. ஐந்து நாளாகக் கரண்டு கிடையாது. விசிறி இல்லை, டிவி இல்லை. சனிக்கிழமை வாசிக்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். சிப்பி வளர்க்கும் பந்தலெல்லாம் கடல் கொண்டுபோன நேரத்தில் பேண்டு என்ன வேண்டிக்கிடக்கிறது? குன் மாமா ஆளனுப்பினார். "செத்தவங்களுக்கு வாசிப்பா, நொந்தவங்களுக்கு வாசிக்க மாட்டாளாமா?"

வாசித்தோம். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வந்தார். முடிவெட்டுகிறவர் நாற்காலியையே வெளியே இழுத்துப்போட்டு, பாட்டு ஓட ஓட இரண்டு பேருக்கு முடிவெட்டினார். பிள்ளைகளை யாரும் உள்ளே இழுக்கவில்லை. நூறு பேர் இருக்கும். கரண்டு வந்தால் திரும்பப் போய்விடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

நீ எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்கிறேன்.

அக்கா


காவ்சியுங்
1996 ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். உன் கூரையைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

நான் கடலில் இல்லை. மே நடுவிலேயே கப்பலை விட்டுவிட்டேன். கேப் டவுனில் கப்பலை விற்றுவிட்டார்கள், எங்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் மிஷின் பார்க்கிறேன். உன்னிடமிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். கம்பெனி ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி, உன் கடிதங்களை நானே போய் வாங்கிக்கொள்கிறேன். உனக்கு இது தெரியும் என்று "தபால் வேகம்" என்று நீ எழுதியதுமே புரிந்துவிட்டது. அதனால்தான் பதில் எழுத முடியவில்லை.

ஏன் வரவில்லை என்றால், அதற்குப் பழைய பொய் ஒன்றைச் சொல்லவேண்டும். அப்பா போனபோது நான் நடுக்கடலில் இல்லை. தந்தி வந்த அன்று கப்பல் காவ்சியுங்கில்தான் நின்றது. மறுநாள் காலையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஊர் முனையில் இறங்கினேன். அடுத்த ஊர் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. நம் வீட்டுச் சாவுக்கு நாமே வாசிக்கக்கூடாதே, அதனால் அவர்கள். ட்ரம்பெட்காரன் மோசமாக ஊதினான். எத்தனை வீட்டு அப்பாக்களுக்கு நான் ஊதியிருக்கிறேன், என் அப்பாவுக்கு எவனோ தப்புத்தப்பாக ஊதுகிறான் என்று நினைத்தேன். கால் நகரவில்லை, அக்கா. பேண்டு வீட்டுப் பையனுக்கு எவனும் பெண் தரமாட்டான் என்று அவரிடம் கத்திவிட்டுக் கடலுக்குப் போனவன் நான். அதே பேண்டுக்குப் பின்னால் எந்த முகத்தோடு நடப்பது? எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். உனக்கு உருகுவே பக்கம் கடலில் இருந்தேன் என்று எழுதினேன்.

நேற்று சனிக்கிழமை. மறுபடி வந்தேன். அதே நிறுத்தம். உன் கிளாரினெட் கேட்டது. எட்டுத் தட்டு இடைவெளியும் கேட்டது. அந்த முனகல் அவ்வளவு தூரம் வரும் என்று நீ எழுதவில்லை. நின்றேன், பிறகு பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

என்னை மன்னிக்கவேண்டாம், பதில் மட்டும் போடு.
பெங்சிங்


ஹைலியாவ்
1996 ஆகஸ்ட் 22

தம்பி பெங்சிங்குக்கு,

நான் நலம். பன்னிரண்டு ஓடும் மாற்றியாயிற்று. நீ நன்றாகத் தூங்கு.

உன் கடிதத்தில் எனக்குத் தெரியாத சேதி ஐஸ் பேக்டரி ஒன்றுதான். பஸ் நிறுத்தத்தில் வெற்றிலைப் பாக்குக் கடை வைத்திருக்கிறாளே ஆச்சூ, அவள், நம் அப்பாவின் சடங்கு முடிவதற்குள்ளேயே வந்து என் காதில் சொல்லிவிட்டாள். "உன் தம்பி கறுப்புச் சட்டையோட வந்தான். அரைமணி நின்னான். மூஞ்சியப் பாக்க முடியல. திரும்பிப் போயிட்டான்." யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். பதினோரு வருஷமாக அவள் காப்பாற்றுகிறாள். வாய் ஓயாத ஆச்சூ!

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. மூன்று வருஷம் நல்ல கோபம். வெட்டியான் கூட உன்னைக் கேட்டான், எல்லாருக்கும் உருகுவே உருகுவே என்று சொல்லி எனக்கு வாய் வலித்தது. அப்புறம் கோபம் போய்விட்டது, ஆனால் நீயாகச் சொல்லட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அது என் தப்பு. ஒரு வரியில் எழுதியிருந்தால் நீ இத்தனை வருஷம் கடலில் கிடந்திருக்கவேண்டாம்.

போன சனிக்கிழமையும் ஆச்சூ வந்து சொன்னாள். தலையில் நரை விழுந்திருக்கிறதாமே.

செப்டம்பர் 27 வெள்ளிக்கிழமை நிலாத் திருநாள். நிலா எழும்போது வாசிக்கிறோம். அன்றைக்குத்தான் ஹுய்லானுக்கு நான் பதில் சொல்லவேண்டும். அன்றைக்கு வா. பஸ் நிறுத்தத்திலிருந்து முற்றத்துக்கு நானூற்றைம்பது அடிதான். நான் அளந்து பார்த்தேன்.

அக்கா


காவ்சியுங்
1996 செப்டம்பர் 15

அன்புள்ள அக்கா,

தூங்குகிறேன். உன் கடிதத்தை மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மிஷின் பார்த்தேன், பாதி மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிட்டது. நீ சௌக்கியந்தானே?

வருகிறேன். மூன்று விஷயம். ட்ரம்பெட்டை என் கையில் கொடுக்காதே. என்னைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தாதே. இவன்தான் என் தம்பி என்று அறிவிக்காதே.

பெங்சிங்


ஹைலியாவ்
1996 செப்டம்பர் 30

தம்பி பெங்சிங்குக்கு,

கட்டைவிரல் வெட்டு ஆறிவிட்டதா? ஐஸ் தண்ணீரில் நனைக்காதே. எனக்கு முழங்கால் வலிக்கிறது, ஆனால் அன்றைக்கு நெடுநேரம் நின்றதால் வந்த வலி, அதனால் குறையில்லை.

நீ கேட்ட மூன்றையும் செய்தேன். கண்ணை மூடித்தான் வாசித்தேன், மூடிய கண்ணால் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது நீ முற்றத்தில் இருந்தாய். இரண்டு தோளிலும் ஸ்டூல், கையில் சிப்பிக்கூடை, உனக்குப் பின்னால் ஆச்சூ. "சும்மாதானே நிக்கிற, இதைத் தூக்கிட்டு முன்னால நட"ன்னு சொன்னேன் என்று மறுநாள் பீற்றிக்கொண்டாள். பதினோரு வருஷம் நான் தேடிய வழி அவளுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

சிப்பிக்காரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற கையால் ஒரு சிப்பியைத் திறக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டாயே, அதைப் பார்த்துத்தான் நான் ஒரு வரி தவறவிட்டேன். குன் மாமா உன்னை மோப்பம் பிடித்ததையும் கேட்டேன்.

"நீ பேண்டுக்காரர் பையன்தானே? கப்பலோட முழுகிட்டன்னு சொன்னாங்க."

"இன்னும் முழுகல மாமா."

"பரவால்ல. நான்கூடத்தான் செத்தேன்."

அப்போதுதான் நிலா உப்பளத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. பிள்ளைகள் பம்ப்ளிமாஸ் தோலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். கரண்டு இருந்தது, டிவியும் இருந்தது, ஆனாலும் தெருவில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. வெளிச்சம் பால் மாதிரி எல்லார்மேலும் ஒரேயடியாக விழுந்திருந்தது. யார் வயசானவர், யார் சின்னவர் என்று தெரியவில்லை. நான் சாவுக்கு வாசித்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பயமே போய்விட்டது. ஹுய்லானுக்கு மறுநாள் காலையில் போன் செய்தேன், சுவருக்கு அவளுக்குப் பிடித்த வண்ணத்தையே அடிக்கச் சொன்னேன், நான் வரவில்லை என்றேன்.

நீ அன்று வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தோடு போய்விட்டாய், ஏழே முக்கால் பஸ் என்றாய். சரி. அப்பா படத்துக்கு அவசரமில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். நம் தொழிலில் வேலை முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவோம். சாவு வீட்டில் நாம் 'வருகிறோம்' என்று சொல்லக்கூடாது, அவர்களும் 'வாருங்கள்' என்று சொல்லமாட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது. முப்பத்திரண்டு வருஷமாக நான் எந்த வாசலிலும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. அன்றைக்கு நாங்கள் வாத்தியங்களை உறையில் போடும்போது மருந்துக்கடைக்காரர் எழுந்து, "அடுத்த வாரமும் வந்துடுங்க" என்றார். வழக்கமான பேச்சாகத்தான் சொன்னார். பெரிய ட்ரம் அடிப்பவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கிளாரினெட் பெட்டியை மூடிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு உன்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். நீ படியேறினாய். எனக்கு அதையே சொல்லவேண்டும் போல இருந்தது. பழக்கம் விடவில்லை, நாக்கு எழவில்லை. கதவு மூடியது, நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட்டேன். நீ என்ன நினைத்திருப்பாயோ என்று மூன்று நாளாக உறுத்துகிறது.

அந்த வார்த்தையைக் கையால் எழுதுவதற்குத் தடையில்லை என்று நினைக்கிறேன்.

மறுபடியும் வா, பெங்சிங்.

அக்கா